அம்பி பாம்பு ஓட்டிய படலம்

வாழி அம்பி! முப்பத்தெட்டு அங்குல மார்பும் நாற்பத்திரண்டு அங்குல வயிறும் ஒருங்கே வாய்த்த பெருந்தகை. மவுண்ட் ரோடு இன்ஷூரன்ஸ் ஆபீசிலே இருபத்தெட்டு ஆண்டுகளாக வந்த மனுக்களின்மீதெல்லாம் "அனுமதி இல்லை" என்று எழுதி எழுதியே சிவப்பு மைக்கடலை வற்றவைத்த பேனாக் கரத்தான். சித்திரக்குளத்தை அடுத்த சந்திலே மூன்றாம் மாடி மூன்றாம் எண் இல்லத்தை ஆள்பவன், ஆள்வதாகத் தானாவது ஐயமின்றி நம்புபவன். மூக்கின் நுனியிலே நழுவும் கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிடும்போது மலையைத் தூக்கினவனைப்போல் பெருமூச்சு விடுபவன். அன்னவன் வெகுதான்ய வருஷத்துப் புரட்டாசி நவராத்திரியில், முதல் டிகாக்ஷனை மீட்கும் பொருட்டு நிகழ்த்திய கொடும்போரைச் சொல்லப் புகுகிறோம். வெள்ளெருக்கு மாலையணிந்த வேழமுகத்தோன் எம் நாவுக்கு இடறல் வராமல் காக்க. வெண்டாமரையாளோ இக்கதையில் ஒரு கட்சி சார்ந்துவிட்டாள் ஆதலால் அவளிடம் யாம் ஒன்றும் கேட்கத் துணியோம்.

போரின் காரணத்தை முதலில் கேளுங்கள். பித்தளை ஃபில்டரின் மேலறையில் கொதிநீர் விழுந்ததும் சொட்டுச் சொட்டாகக் கீழறையில் இறங்கும் கருநிறக் குழம்பே முதல் டிகாக்ஷன். மணம் மாடிப்படி இறங்கித் தெருக்கோடி வரை போய் ஆள் கூட்டும் வல்லமையுடையது. அதே பொடியின்மேல் மறுபடி வெந்நீர் வார்த்தால், இருந்த சாரமெல்லாம் முன்னவளே கொண்டுபோய்விட்ட பிறந்த வீட்டில் இரண்டாவது பெண்ணுக்கு மிஞ்சும் நகைபோல், நிறம் மட்டும் கொஞ்சம் வந்து சேரும். அதுவே இரண்டாம் டிகாக்ஷன். திருமணமான நாள்தொட்டு முதலாவது அம்பிக்கும் இரண்டாவது அவன் மனையாள் கோமளத்துக்கும் என்பது எழுதாத சாசனமாக இருந்தது. கோமளம், பெண்கள் பள்ளியிலே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துபவள், கழித்தலில் கைதேர்ந்தவள், பேசாமல் இருப்பதையே ஆயுதமாகத் தீட்டி வைத்திருப்பவள்.

இந்தச் சாசனத்தைக் கிழித்தது ஒரு பாம்பு.

ரிச்சி தெருவிலே பழைய விலைக்கு வாங்கிவந்த கம்ப்யூட்டர் ஒன்று அவ்வீட்டுக் கூடத்து மூலையில் வீற்றிருந்தது. டாஸ் என்னும் பழைய அரசன் அதனுள் ஆண்டான். அவன் ஆட்சியில் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. கறுப்புத் திரையிலே பச்சைப் பாம்பொன்று ஓடும். ஆங்காங்கே சிவப்பு முட்டை தோன்றும். விழுங்கினால் பத்துப் பாயிண்ட், பாம்பும் ஒரு கணு நீளும். சுவரில் முட்டினாலோ தன் உடம்பைத் தானே கடித்தாலோ மாண்டுபோகும். மாண்டபின் வீரர்களின் பெயரும் பாயிண்டும் வரிசையாகத் தோன்றும் பட்டியல் உண்டு. அவ்வளவுதான் விளையாட்டு. அதற்காகக் கணவனும் மனைவியும் கத்தரிக்காய்க் கறியை எத்தனை முறை தீயவிட்டார்கள் என்பதை அந்த வாணலிதான் அறியும்.

பவ வருஷத்து ஒரு மாலையில் கோமளம் கூடத்திலிருந்து கூவினாள்.

"ஏன்னா! நாலாயிரம் தாண்டிட்டேன்! சரியா அப்போ பாத்துக் கரண்ட் போயிடுத்து!"

"நாலாயிரமா? யார் பாத்தா?"

"நான் பாத்தேன்."

"நீ பாத்தா ஆச்சா? பட்டியல்ல ஏறினாத்தான் கணக்கு, கோமளம். கண்ணால பாத்தேன், பக்கத்தாத்து மாமி பாத்தா, இதெல்லாம் ஆபீஸ்ல செல்லுமோ? ரெக்கார்டு வேணும், ரெக்கார்டு!"

"சட்டம் ரெண்டு பேருக்கும் பொதுதானே?"

"கல்வெட்டுன்னு வச்சுக்கோ!"

கல்வெட்டு என்றான் அந்தப் பெரியோன். அதே வாரத்தில் கோமளம் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது எடுத்தாள். பட்டியலில் ஏறிற்று. அத்துடன் நின்றாளா? ஆண்டுதோறும் விஜயதசமி விடியலில் விளக்கேற்றும் நேரத்துக்குப் பட்டியலின் உச்சியில் எவர் பெயர் நிற்கிறதோ, அவருக்கே அடுத்த ஓராண்டு முதல் டிகாக்ஷன் என்று சபதமும் வாங்கிக்கொண்டாள். அன்று முதல் நான்கு விஜயதசமிகள் வந்துபோயின. நான்கு ஆண்டுகள், ஆயிரத்துச் சொச்சம் காலைகள், அம்பி வெளிறிய காப்பியைக் குடித்துவிட்டு ஆபீஸ் சென்றான். அவ்வாண்டுகளில் அனுமதி கிட்டாத மனுக்கள் இருமடங்காயின என்று ஆபீஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு.

இப்படியிருக்க, இவ்வாண்டு ஆவணியில் கம்ப்யூட்டர் ஒருநாள் கற்பூரம்போல் புகைவிட்டுக் கண்மூடிற்று. அம்பியின் நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது. அப்பொழுது கீழ்த்தளத்து வீட்டிலிருந்து மாடியேறி வந்தான் வெள்ளைத்துரை. திருநெல்வேலிச் சீமை ஈந்த தீரன்; தி. நகரிலே ஐந்தடுக்குப் பட்டுக்கடை ஒன்றின் கம்ப்யூட்டர்களையெல்லாம் மேய்ப்பவன். லினக்ஸ் என்னும் புதுச் சமயத்தைத் தழுவி, கண்டவரையெல்லாம் அதில் சேர்க்கத் துடிப்பவன். கடையில் கழித்துக் கட்டிய பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து மூலையில் இறக்கினான்.

"டாஸெல்லாம் இனிமே ஆவாது சார். லினக்ஸ் போட்டுத் தாறேன். கல்லு மாதிரி நிக்கும், வைரஸ் வராது பாத்துக்கிடுங்க."

"பாம்பு வருமா?"

"வைரஸே வராதுங்கேன், பாம்பு எங்க சார் வரும்?"

"அந்தப் பாம்பு இல்லை ஓய்! விளையாட்டு!"

பாம்பும் பட்டியலும் குடியிருந்த பழைய பிளாப்பித் தகட்டை வெள்ளைத்துரை புரட்டிப் பார்த்தான். "அதுக்கு ஒரு வழி இருக்கு. எமுலேட்டர்னு ஒருத்தன். ஓடுறது என்னமோ லினக்ஸ்தான். அதுக்குள்ள இவன், 'நாந்தான் டாஸ், நாந்தான் பழைய மிசின்'னு வேசங்கட்டிட்டு நிப்பான். பாம்பு அதை நம்பி வந்து ஆடும். பழைய பட்டியலையும் அப்படியே ஏத்திருதேன்."

அடுக்களை வாயிலில் கோமளம் தோன்றினாள். "வேஷம்னா? அப்போ அது நிஜ டாஸ் இல்லையே. அதுல எடுக்கற பாயிண்ட் எப்படிச் செல்லும்?"

அம்பி சிங்கமெனச் சிலிர்த்தான். "ஏண்டி, மஞ்சளை உருட்டி வச்சுப் பிள்ளையாரேன்னா அது பிள்ளையார்தானே? நிஜமா யானையா வந்து உக்காரறது?"

கோமளம் யோசித்தாள். "ஒத்துக்கறேன். ஆனா பூஜை முடிஞ்சு வடக்கே நகத்திட்டா அது வெறும் மஞ்சள். அதையும் ஞாபகம் வச்சுக்கோங்கோ."

இவ்வாறாக எமுலேட்டர் என்னும் மாயாவி, மஞ்சள் பிள்ளையாருக்குச் சமானம் என்னும் தீர்ப்போடு அவ்வில்லத்தில் குடியேறினான்.

நவராத்திரியின் முதல் நாள். கூடத்தில் ஏழு படிகளில் கொலு நின்றது. அதன் பக்கவாட்டிலேயே அமர்க்களமும் தொடங்கியது. பத்து நாள் விடுப்பெடுத்த அம்பி, விபூதி தரித்து, வேட்டியை மடித்துக் கட்டி, விசைப்பலகையின்முன் வீராசனமிட்டு, வெள்ளைத்துரை காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்த மந்திரத்தைத் தட்டினான். டாஸ் காலத்துப் பழக்கத்தால் எல்லாம் பெரிய எழுத்தில் தட்டினான். லினக்ஸ் என்னும் மன்னனோ பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் சாதிபேதம் பார்ப்பவன். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று கைவிரித்தான். சிறிய எழுத்தில் தட்டினான். திரையிலே இரண்டே சொற்கள் எழுந்தன. "அனுமதி இல்லை" என்பதே அவற்றின் பொருள். இருபத்தெட்டாண்டு பிறர்மீது ஏவிய அத்திரம் எய்தவன் மார்பிலேயே வந்து தைத்தது. யாருக்கு, எதற்கு, ஏன் என்று ஒரு சொல் இல்லை. "இப்படியா ஒரு மனுஷனுக்குப் பதில் சொல்றது!" என்று அந்த மகா வீரன் திரையைப் பார்த்துக் கதறினான். அடுக்களையிலே தாளிக்கும் ஓசை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

மாலையில் வெள்ளைத்துரை வந்து அனுமதி வழங்கினான். எமுலேட்டர் வேடம் புனைந்தான். திரை கறுத்தது. பச்சைப் பாம்பு தோன்றியது. தோன்றியது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் மாண்டது.

ஏனென்றால், பழைய மிஷினின் ஆமை நடைக்குப் பிறந்த பாம்பு அது. பென்டியத்தின் வேகத்தில் விட்டதும், பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் கையை உதறிக்கொண்டு ஓடும் குழந்தைபோல், கண்ணிமைக்கும் முன் கிழக்குச் சுவரில் தலைமோதி உயிர்விட்டது. மறுபடி விட்டான், மாண்டது. இருபது முறை விட்டான். இருபது முறையும் மாண்டது. சர்ப்ப யாகத்தில்கூட அவ்வளவு விரைவாகப் பாம்புகள் விழுந்திரா. இருபது பாம்புகளும் சேர்ந்து ஈட்டிய பாயிண்ட் பூஜ்யம்.

"ஒரு நம்பர் இருக்கு சார். எமுலேட்டர் எவ்வளவு நேரம் சும்மா நிக்கணும்னு சொல்லுத நம்பர். கூட்டுனா பாம்பு மந்தமாவும், கொறச்சா பேயா ஓடும்," என்று வெள்ளைத்துரை நம்பரைக் கூட்டினான். இப்பொழுது பாம்பு, மாட வீதி முனையில் கபாலி தேர் திரும்புவதுபோல் திரும்பிற்று. அம்பிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

"ஆஹா! இதான் சரியான வேகம். பழைய மிஷின்லயும் இப்படித்தான் போகும்."

"ரொம்ப அழகாயிருக்கு," என்று கோமளம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இப்படி நகந்தா தூங்கிண்டே பத்தாயிரம் எடுக்கலாம். பழைய மிஷின்ல இந்தச் சுவத்துலேந்து அந்தச் சுவத்துக்குப் போக ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனம். முதல் காலம். கீழ் ஸ-வில கிளம்பினா மேல் ஸ-வில முட்டணும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் தாளம் போட்டுண்டுதானே ஆடுவேன்."

அம்பி எழுந்து நின்றுவிட்டான். நான்கு ஆண்டு மர்மம் அந்த ஒரு வாக்கியத்தில் உடைந்தது! தான் நரம்பு தெறிக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை நம்பி ஆடிய ஆட்டத்தை, இவள் சரளி வரிசையாக அன்றோ ஆடியிருக்கிறாள்! இடக்கை தொடையில் தாளமிட, வலக்கை அம்புக்குறிச் சாவிகளில் நர்த்தனமிட, திருப்பம் எப்போது வரும் என்று பாராமலே அறிந்திருக்கிறாள்!

"சரி, பாடுங்கோ மாமி, வச்சிருவோம்," என்றான் வெள்ளைத்துரை.

அதன்பின் அங்கு நிகழ்ந்ததை லினக்ஸ் உலகம் கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை. கோமளம் மாயாமாளவகௌளையில் ஸ-ரி-க-ம என்று ஏற, பாம்பு திரையில் ஓட, ப-வுக்கே சுவர் வந்துவிட்டது என்று வெள்ளைத்துரை நம்பரைக் கூட்ட, மேல் ஸ தாண்டியும் பாம்பு நடுவழியிலே நிற்கிறது என்று குறைக்க, "நீ வேணும்னே வேகமாப் பாடறே!" என்று அம்பி குற்றஞ்சாட்ட, "அப்போ நீங்களே பாடுங்கோ," என்று அவள் சொல்ல, அவன் பாட, எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட, மூன்று மாலைகள் இவ்வாறு கழிந்தன. நான்காம் மாலை பாம்பு கீழ் ஸ-வில் புறப்பட்டு, மேல் ஸ-வில் இம்மி பிசகாமல் தலைமோதி மாண்டது. மூவரும் கைதட்டினார்கள். ஒரு பாம்பின் சாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி ஆகாதுதான். என்ன செய்வது, கைதட்டினார்கள்.

அதன்பின் அம்பி தவமிருந்தான். ஐந்தாம் நாள் ஆயிரத்துச் சொச்சம். ஆறாம் நாள் மூவாயிரம். குளிக்கும்போது தாளம், சாப்பிடும்போது தாளம், சுண்டலுக்கு வந்த பெண்கள் பாடும் பாட்டுக்கும் இவன் தன் பாம்பின் தாளமே போட, பாடியவர்கள் தடுமாறி நின்றார்கள். எட்டாம் நாள் நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து எடுத்தான். பட்டியலில் கோமளத்துக்கு அடுத்த வரியில் அவன் பெயர் ஏறியது. இருபத்தாறு முட்டைகள் எட்டியிருந்தால் சமன். இருபத்தேழு எட்டியிருந்தால் வெற்றி.

மிஞ்சியது ஒரே நாள். அதுவோ சரஸ்வதி பூஜை.

அன்று காலை, பொரி கடலையும் வாழைக்கன்றும் வாங்க அம்பி மாட வீதிக்குப் போயிருந்த நேரம். கொலுவின் அடியில் புத்தகங்கள் அடுக்கப்பட்டுவிட்டன. கோமளத்தின் கணக்கு நோட்டுகள், சுருதிப்பெட்டி, பழைய பிளாப்பி எல்லாம் சந்தனம் குங்குமம் பெற்றுவிட்டன. தூக்க முடியாததால் கம்ப்யூட்டர் மட்டும் இருந்த இடத்திலேயே திரைமீது ஒரு பொட்டு வாங்கிக்கொண்டது. வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த கோமளத்திடம் வெள்ளைத்துரை வந்து நின்றான்.

"மாமி, எங்க கடையில ஆயுத பூசைன்னா அத்தனை மிசினையும் படிக்க மட்டும் விட்டு, எழுத விடாமக் கட்டிப்போட்டுருவேன். பூசையில வச்ச பொருள்ல எழுதக்கூடாதுல்லா? மொதலாளி அதுல ரொம்பக் கண்டிப்பு. இங்கயும் பாம்பு இருக்க எடத்தைக் கட்டிரவா? நாளைக்கு விடியக்காலம் வந்து அவுத்து விட்டுருதேன்."

"பேஷா," என்றாள் கோமளம், உப்புப் போட்டோமா இல்லையா என்று மாவையே பார்த்தபடி. "மனுஷாளே இன்னிக்கு ஒரு எழுத்து எழுதப்படாது. மிஷினுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?"

வெள்ளைத்துரை இரண்டு வரி தட்டினான். கதவு பூட்டப்பட்டது. பூட்டிய சத்தம் எவர் காதிலும் விழவில்லை. அந்தோ, வாழைக்கன்றைத் தோளில் சார்த்திக்கொண்டு மாடியேறி வந்த வீரனே, உனக்கு அதை யார் சொல்வார்!

பூஜை முடிந்தது. இலை எடுத்தாயிற்று. நண்பகல் தாண்டி இரண்டு மணி. அம்பி மூலையை நோக்கி நடந்தான்.

"என்ன அது, எங்க கிளம்பிட்டேள்?" என்றாள் கோமளம். "சரஸ்வதி பூஜையும் அதுவுமா!"

"சாஸ்திரம் என்ன சொல்றது? படிக்கப்படாது, எழுதப்படாது. விளையாடப்படாதுன்னு எங்கேயாவது இருக்கா?"

"பூஜையில வச்சதை எடுக்கப்படாது."

"நான் எங்கே எடுத்தேன்? அது அங்கேயே இருக்கு. நான்தான் போய் உக்காந்துக்கறேன்."

கோமளம் மிஞ்சிய வடைகளைத் தட்டால் மூடிவைத்தாள். "தாராளமா ஆடுங்கோ," என்றாள்.

எழுந்தது பாம்பு! அணிவகுத்தன முட்டைகள்! அம்பியின் இடக்கை தொடையில் விழுந்தெழ, ஒரு தட்டுக்கு நான்கு கட்டம், விரலெண்ணிக்கைக்கு ஒரு வளைவு, வீச்சுக்கு ஒரு திருப்பம் என்று அந்தப் பச்சைநிறப் பெருநாகம், பாற்கடலைக் கடைந்த வாசுகியும் பார்த்து நாணும்படி வளைந்தும் நெளிந்தும் தன்னைத் தானே சுற்றியும், தன் வாலுக்கும் தலைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, முட்டைமேல் முட்டையாக விழுங்கி நீண்டது. ஆயிரம் கடந்தது. இரண்டாயிரம் கடந்தது. வியர்வை அருவி புருவத்தில் தேங்கிக் கண்ணாடிமேல் விழ, துடைக்கக் கையில்லாத அவ்வீரன் உதட்டைப் பிதுக்கி மேல்நோக்கி ஊதினான். மூவாயிரத்து அறுநூறில் ஒரு முட்டையை நோக்கிப் பாய்ந்தான், விழுங்கினான், பாயிண்ட் ஏறவில்லை. மறுபடி வளைத்துவந்து விழுங்கினான், ஏறவில்லை. மூன்றாம் முறை நெருங்கியபோதுதான் கண்டான், அது முட்டையன்று. திரைமேல் கோமளம் இட்ட குங்குமப் பொட்டு! அந்தப் பொட்டைச் சுற்றிவந்த மூன்று சுற்றில் வாலைக் கடிக்கப் பார்த்துப் பிழைத்தது அரவம். ஒருகணம் அவன் மனம் மனைவியைச் சந்தேகித்தது. மறுகணம் தாளம் தவறப்பார்த்தது. சந்தேகத்தை ஒத்திவைத்தான்.

நாலாயிரம் தாண்டும்போது வாயிலில் மணி ஒலித்தது. வந்தவள் நஸ்ருன்னிசா, கோமளத்தின் பள்ளியிலே சரித்திரம் நடத்துபவள், ஆண்டுதோறும் கொலுப் பார்க்கவும், அதைவிட முக்கியமாகக் கடலைச் சுண்டலுக்காகவும் வருபவள்.

"என்னா டீச்சர், சார் என்னா பண்றாரு? தொடையில தட்டிக்கினே இருக்காரு, எதுனா கடிச்சிருச்சா?"

"பாம்பு," என்றாள் கோமளம்.

"யா அல்லா!"

"உக்காரு நஸ்ரு. விளையாட்டு. நீயும் சாட்சிக்கு இரு."

இருவரும் நாற்காலியின் பின்னே நின்றார்கள். சுண்டல் கிண்ணம் நஸ்ருன்னிசாவின் கையில் அப்படியே நின்றது. நாலாயிரத்து எண்ணூறு. பாம்பு இப்பொழுது திரையெல்லாம் நிறைந்து, கல்யாண மண்டபத்துப் பந்தியில் ஆள் நகர இடமில்லாததுபோல் சந்து சந்தாக ஊர்ந்தது. நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. எழுபது. சமன்! கூடத்துக் கடிகாரம் தன் முள்ளை நிறுத்திக்கொண்டு பார்த்தது. அடுத்த முட்டை வடகிழக்கு மூலையில், மூன்று பக்கமும் தன் உடம்பே மதிலாக நின்ற ஒரு குறுஞ்சந்தில் தோன்றியது. உள்ளே போனால் வர வழியில்லை. போனான்! வர வேண்டிய தேவையென்ன? ஒரு முட்டை போதும் அன்றோ! விழுங்கினான்! நாலாயிரத்து எண்ணூற்று எண்பது! மறுதட்டில் தன் உடம்பையே கடித்து மாண்டது அந்த உத்தம சர்ப்பம்.

பட்டியல் எழுந்தது. அதன் உச்சியில் அம்பி என்று தன் பெயரைத் தட்டினான். கோமளம் இரண்டாம் வரிக்கு இறங்கினாள்.

அம்பி நாற்காலியிலிருந்து எழுந்து, கொலுவின் ஏழு படிகளும் கேட்க முழங்கினான்: "பாத்துக்கோ கோமளம்! பாத்துக்கோங்கோ நஸ்ருன்னிசா டீச்சர்! நாலு வருஷத்துச் சிறை இன்னியோட தீர்ந்தது! நாளைக்குக் காலம்பற என் டம்ளர்ல நுரை விளிம்பைத் தாண்டி நிக்கணும்!"

"அடேங்கப்பா, பத்துப் பாயிண்டுதானே சார் ஜாஸ்தி?" என்றாள் நஸ்ருன்னிசா.

"பானிபட்டுல எத்தனை பாயிண்ட் ஜாஸ்தி டீச்சர்? ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான்!"

கோமளம் நஸ்ருன்னிசாவுக்கு இரண்டு வடை எடுத்து வைத்தாள். அவள் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. வடை நன்றாக வந்திருக்கிறது என்று நஸ்ருன்னிசா சொன்னதற்கும் சிரிக்கவில்லை. அதைக் கண்ட அம்பி, வென்றவர்க்கு உரிய பெருந்தன்மையோடு, "இரண்டாம் டிகாக்ஷனும் ஒண்ணும் மோசமில்லை, பழகிடும்," என்று ஆறுதல் கூறி, மிஷினை முறைப்படி அணைத்து, மாலை முழுதும் தெப்பக்குளத்தை மூன்று முறை சுற்றிவந்தான்.

விடிந்தது விஜயதசமி. வெற்றித் திருநாள் என்று பெயரிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அம்பி ஐந்து மணிக்கே நீராடி, பட்டைக்கரை வேட்டி உடுத்தி, நாற்காலியில் அமர்ந்தான். வெள்ளைத்துரை வாக்குத் தவறாமல் வந்தான். ஃபில்டரில் முதல் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மணம் கூடத்தில் புகுந்து வீரனின் தோளைத் தொட்டது. கோமளம் விளக்கேற்றினாள்.

"போடும் ஓய், பட்டியலை!"

எமுலேட்டர் வேடம் புனைந்தான். திரை கறுத்தது. பட்டியல் எழுந்தது.

முதல் வரி: கோமளம், நாலாயிரத்து எண்ணூற்று எழுபது. இரண்டாம் வரி: அம்பி, நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.

அம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். குங்குமப் பொட்டைக்கூட நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அடியில் ஒன்றும் இல்லை.

"எண்பது எங்கே ஓய்? நேத்து மத்தியானம் நாலாயிரத்து எண்ணூத்தி எண்பது எடுத்தேனே!"

"நேத்தா?" வெள்ளைத்துரையின் முகம் வெளுத்தது. "நேத்து பூசையில்லா சார்? காலையில மாமிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுத விடாமக் கட்டிவச்சேன். இந்தா, இப்பம்தான் அவுக்கணும்."

"பட்டியல்ல ஏறித்தே! கண்ணால பாத்தோமே!"

"பாம்பு எழுதச் சொல்லியிருக்கும் சார். வேசக்காரனும் தலைய ஆட்டியிருப்பான். எழுத எடம் இல்லைல்லா. வெளிய வந்ததும் எல்லாம் போயிருச்சு."

"வடக்கே நகத்தியாச்சு," என்றாள் கோமளம் மெதுவாக.

அம்பி அவள் பக்கம் திரும்பினான். அந்தத் திரும்பலில் ஆயிரம் மனுக்கள் இருந்தன. "கோமளம், நீ பாத்தியா இல்லையா? சத்தியமாச் சொல்லு."

"பாத்தேன். எண்பதுதான். நஸ்ருவும் பாத்தா. நான் பாக்கலைன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம் என்ன!"

"பட்டியல்ல ஏறினாத்தான் கணக்குன்னு சொன்னது யாரு? கண்ணால பாத்ததெல்லாம் ஆபீஸ்ல செல்லுமான்னு கேட்டது யாரு? அன்னிக்கு என்னோட நாலாயிரம் கரண்டோட போச்சே, அது எங்கேன்னு நான் இன்னி வரைக்கும் கேட்டேனா?"

வெள்ளைத்துரை கொலுவில் எதையோ பார்ப்பவன்போல் பார்த்தான். ஏழு படிகளிலும் இருந்த தேவரும் முனிவரும், மரப்பாச்சிகளும் செட்டியாரும் செட்டிச்சியும், ஒருவர்கூட அம்பிக்காக வாய் திறக்கவில்லை.

"கல்வெட்டுன்னேள்," என்றாள் கோமளம்.

"சொன்னேன்," என்றான் அம்பி.

அவள் அடுக்களைக்குள் சென்றாள். பால் பொங்கும் ஓசையும், டவராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டவராவுக்கும் ஒரு முழ உயரத்தில் காப்பி பறக்கும் ஓசையும் கேட்டன. அந்த முதலாவதைக் கையிலேந்தி அவள் ஊஞ்சலில் அமர்ந்து முதல் மிடறு பருகிக் கண்மூடிய வேளையில், நாற்பத்திரண்டு அங்குல வயிறுடைய வேந்தனும், சிவப்பு மைக்கடல் வற்றவைத்தவனும், பாம்பின் தாளமறிந்த பண்டிதனும், எழுதப்படாத வெற்றிக்கு உலகில் ஒரே உரியவனுமாகிய அந்த அம்பி, இன்னும் முந்நூற்றறுபத்தைந்து காலைகள் தன்முன் படையென அணிவகுத்து நிற்பதைக் கண்டும் கலங்காமல், தோள் நிமிர்த்தி, கண்ணாடியை மேலேற்றி, மலையைத் தூக்கியதொரு பெருமூச்சு விட்டு, தனக்கென வைக்கப்பட்டிருந்த டம்ளரை இருகையாலும் எடுத்து உதட்டருகே உயர்த்தினான்.

சர்க்கரை கொஞ்சம் கம்மியாக இருந்தது.